பாலர்க்குக் கணக்கு: அடுக்களையிலே ஒரு முதற்பாடம்



பெற்றோர்கள் நம்மிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "பிள்ளைக்கு நாலு வயது முடிந்துவிட்டது. கணக்கு வகுப்பில் எப்பொழுது சேர்ப்பது?" என்பதே அது. இக்கேள்விக்குப் பின்னே ஓர் அச்சம் ஒளிந்திருப்பதை நாம் அறிவோம். தொடக்கப் பள்ளி முதலாம் வகுப்பிலே காலெடுத்து வைக்கும் நாளிலேயே பிள்ளை பின்தங்கி விடுமோ, அங்கே விழுந்த பள்ளம் ஆறாம் வகுப்புத் தேர்வு வரை நிரம்பாமலே போய்விடுமோ என்ற அச்சம். அது வெறும் மருட்சியும் அன்று. எண்ணைக் கண்டால் விலகி ஓடுகிற பழக்கம் ஒரு பிள்ளைக்கு ஏற்பட்டுவிட்டால், அதை மாற்றுவது எத்தனை கடினம் என்பது ஆசிரியர்களைக் கேட்டால் தெரியும்.

ஆனால் இந்த அச்சத்துக்கு நம்மவர்கள் தேடும் பரிகாரத்தைத்தான் நாம் ஒப்ப முடியவில்லை. கடையிலே கட்டுக்கட்டாகப் பயிற்சித்தாள் வாங்குவது. துணைப்பாட வகுப்புக்கு மாதந்தோறும் பணம் கட்டுவது. ஒன்று முதல் நூறு வரை ஒப்பிக்கச் சொல்லி, வந்த விருந்தினர் முன் நிறுத்துவது. நூறு வரை ஒப்பிக்கும் பிள்ளையின் முன்னே ஏழு பேரீச்சம்பழத்தை வைத்து, "நாலு எடுத்து நன்னாவிடம் கொடு" என்றால், கைநிறைய அள்ளிக்கொண்டு போகிறது. சொல் வந்துவிட்டது, கணக்கு வரவில்லை.

இன்னொன்றையும் நாம் வருத்தத்துடன் குறிப்பிட வேண்டும். "நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எனக்கென்ன கணக்குத் தெரியும்? தெரிந்தவர்களிடம் விட்டுவிடுவதுதான் நல்லது" என்று சொல்லும் தாய்மார்களும், நன்னிமார்களும் நம்மில் பலர் உளர். இவர்கள் ஒதுங்கிக்கொள்வதால் பிள்ளைக்கு நேரும் நட்டம் பெரிது. பாலர் பருவத்துக்குரிய கணக்கு, பல்கலைக்கழகம் சென்றவர்களிடம் மட்டும் இருப்பது அன்று. பூத்தொடுக்கத் தெரிந்த கைக்கும், பாய் முடையத் தெரிந்த கைக்கும், மருதாணி இடத் தெரிந்த கைக்கும் அது ஏற்கெனவே தெரியும். அவர்கள் செய்ய வேண்டியது, கை அறிந்ததை வாயால் சொல்லிப் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார்த்திக்கொள்வது ஒன்றுதான்.

தோரணி என்றால் என்ன?

மலேசியத் தமிழ்ப் பள்ளிகளின் கணிதப் பாடத்திலே 'தோரணி' என்றொரு சொல் வழங்குகிறது. ஒரு விதிப்படி திரும்பத் திரும்ப வரும் ஒழுங்குக்கு அது பெயர். கறுப்பு வெள்ளை கறுப்பு வெள்ளை என்று பூசிய சாலையோரக் கல் ஒரு தோரணி. மல்லிகை இரண்டு, கனகாம்பரம் ஒன்று, மறுபடியும் மல்லிகை இரண்டு, கனகாம்பரம் ஒன்று என்று தொடுத்த சரம் ஒரு தோரணி. நாம் உடுத்தும் கட்டம் போட்ட கைலி ஒரு தோரணி. நீளத்திலும் அகலத்திலும் ஒரே ஒழுங்கு குறுக்கிட்டு ஓடுவதால் அது கொஞ்சம் சிக்கலான தோரணி. (மலாய் மக்கள் இதனைக் 'கைன் பெலிக்காட்' என்கிறார்கள். சோழமண்டலக் கரையிலே இருக்கும் பழவேற்காட்டின் பெயர்தான் கடல் தாண்டி இப்படி ஆயிற்று என்பதைப் பிள்ளைகளுக்கு ஒருநாள் சொல்லி வைக்கலாம்.)

இதிலே கணக்கு எங்கே இருக்கிறது என்று கேட்கலாம். கணக்கு என்பது எண்ணுருக்களை எழுதுவது மட்டும் அன்று. மாறும் பொருள்களுக்குள்ளே மாறாத ஒழுங்கைக் காண்பதுதான் அதன் உயிர். ஏழாம் வாய்பாட்டிலும் ஒரு தோரணி இருக்கிறது. ஒற்றைப்படை இரட்டைப்படை என்பதும் ஒன்று விட்டு ஒன்று வரும் தோரணியே. 'இனி என்ன வரும், ஏன் அது வரும்' என்று கேட்கப் பழகிய பிள்ளை, பின்னாளில் இயற்கணிதத்தைக் கண்டு மிரளாது. அந்த இயற்கணிதத்துக்கு மேலை நாடுகளில் வழங்கும் 'அல்ஜீப்ரா' என்ற பெயர், ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் இருந்து எழுதிய அல்-குவாரிஸ்மி அவர்களின் நூற்பெயரில் உள்ள 'அல்-ஜப்ர்' என்ற சொல்லிலிருந்து வந்ததென்பது நம் வாசகர்கள் பலர் அறிந்ததே.

இது நம்முடைய சொந்தக் கற்பனை அன்று. அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெத்தானி ரிட்டில்-ஜான்சன் என்ற அம்மையாரும் அவருடன் உழைத்தவர்களும், வருவாய் குறைந்த குடும்பங்களின் பிள்ளைகள் ஐந்நூற்றுக்கு மேற்பட்டோரை 4 வயது முதல் 11 வயது வரை கவனித்து, 2017-ல் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். பள்ளிக்குப் போகும் முன்னர் ஒரு பிள்ளை தோரணியை எவ்வளவு அறிந்திருந்தது, எவ்வளவு நன்றாக எண்ணியது, இரண்டு குவியலைப் பார்த்த மாத்திரத்தில் எது அதிகம் என்று எவ்வளவு சரியாகச் சொன்னது என்ற மூன்றும், அப்பிள்ளையின் ஐந்தாம் வகுப்புக் கணக்குத் தேர்ச்சியை முன்கூட்டிக் காட்டின என்பது அவர்கள் கண்டது. தோரணி பயின்றால் மட்டும் போதும், மற்றெல்லாம் தானே வந்துவிடும் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. எண்ணவும் வேண்டும், கூடக் குறைய ஒப்பிடவும் வேண்டும். ஆயினும் எண்ணுவதை எல்லா வீட்டிலும் சொல்லிக் கொடுக்கிறார்கள். தோரணியைத்தான் நாம் மறந்து போகிறோம். சிங்கப்பூர்க் கல்வி அமைச்சு 2012-ல் திருத்தி வெளியிட்ட பாலர் கல்விக் கட்டமைப்பிலும், எளிய தோரணிகளை அறிந்து பயன்படுத்துவது எண்ணறிவுப் பகுதியின் நோக்கங்களுள் ஒன்றாக இடம் பெற்றது.

கையால் செய்து கற்பது என்பதும் புதிய வழி அன்று. ஜெர்மனியில் 1837-ல் முதற் பாலர் தோட்டத்தைத் தொடங்கிய ஃபுரோபல், கட்டைகளையும் வண்ணத்தாள் பின்னலையும் பிள்ளைகளின் கையிலே கொடுத்தார். 1907-ல் ரோமாபுரியில் பிள்ளைகள் இல்லம் கண்ட மரியா மாண்டிசோரி அம்மையாரோ, 1939-ல் சென்னை அடையாற்றுக்கே வந்து தங்கி ஆசிரியர்களைப் பயிற்றினார். கைதான் பாலகனுக்கு முதல் ஆசான் என்பதில் இவர்களிடையே கருத்து வேற்றுமை இல்லை.

நிற்க. இனிச் செய்முறைக்கு வருவோம்.

எதைக் கொண்டு, எப்படித் தொடங்குவது?

காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டா. கொண்டைக்கடலை, புளியங்கொட்டை, பெரிய பொத்தான், பாட்டில் மூடி, கரண்டி, தேநீர்க் கோப்பை, துணி உலர்த்தும் கழியிலே மாட்டும் கிளிப்பு, இவை போதும். மூன்று வயதுக்குக் குறைந்த தம்பி தங்கை வீட்டில் இருந்தால் கடலை, கொட்டை, பொத்தான் ஆகியவற்றை எடுக்கவே எடுக்காதீர்கள். வாயிலோ மூக்கிலோ போட்டுக்கொண்டால் மூச்சடைக்கும். அப்படிப்பட்ட வீட்டில் கரண்டியும் கோப்பையும் கிளிப்பும் கொண்டே எல்லாம் செய்துவிடலாம்.

முதலில் ஒன்று விட்டு ஒன்று. தரையில் பாயை விரித்து, கரண்டி, கோப்பை, கரண்டி, கோப்பை, கரண்டி, கோப்பை என்று வைத்துக்கொண்டே போங்கள். வைக்கும்போது வாய்விட்டுச் சொல்லுங்கள். மூன்று முறையாவது அந்த ஒழுங்கு திரும்பி வரவேண்டும். ஒரு கரண்டி ஒரு கோப்பை வைத்துவிட்டு, "அடுத்தது என்ன?" என்று கேட்பது முறையன்று. அதிலே விதி இன்னும் தெரியவில்லை. பிள்ளை எதைச் சொன்னாலும் சரியாகத்தான் இருக்கும்.

அதைப் பார்த்து அதேபோல் கீழே ஒரு வரிசை வைக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் மூன்றரை, நாலு வயதில் இதைச் செய்துவிடும். அடுத்துத் தொடரச் சொல்லுங்கள். அதுவும் கைவந்த பின், "கண்ணை மூடிக்கொள்" என்று சொல்லி நடுவிலே ஒன்றை எடுத்து ஒளித்துவிட்டு, "எது காணாமல் போயிற்று?" என்று கேளுங்கள். இந்த விளையாட்டுக்குப் பிள்ளைகள் காட்டும் ஆவல் சொல்லி முடியாது. நாம் ஒளிப்பதில் தொடங்கி, பிறகு அவர்களே ஒளித்து நம்மைத் திண்டாட வைப்பார்கள். வேண்டுமென்றே ஓரிடத்தில் தவறாக வைத்து, "இது சரிதானே?" என்று கேட்டும் பாருங்கள். பெரியவர்களின் தவறைக் கண்டுபிடிப்பதைப்போல் பிள்ளைக்கு இனிப்பான வேலை வேறில்லை.

ஆனால் நம் வீடுகளில் பலர் இந்த ஒன்று விட்டு ஒன்றோடு நின்றுவிடுகிறார்கள். அங்கே நிற்கலாகாது. அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கரண்டி கோப்பை கரண்டி கோப்பை என்று பாட்டுப்போல் சொல்லிக்கொண்டே பிள்ளை வைத்துவிடும். பாட்டுத்தான் வேலை செய்கிறதேயொழிய அறிவு வேலை செய்யவில்லை. ஆகவே, கடலை இரண்டு, கொட்டை ஒன்று என்று மாற்றுங்கள். அடுத்து, கடலை இரண்டு, கொட்டை இரண்டு. அதன்பின், கடலை, கொட்டை, பொத்தான் என்று மூன்றும். இங்கே வந்தவுடன் பல பிள்ளைகள் தடுமாறும். தடுமாறினால் நல்லதுதான். பாடம் இனித்தான் தொடங்குகிறது.

எது திரும்பி வருகிறது?

தோரணிப் பாடத்தின் உச்சி இந்தக் கேள்வியிலே இருக்கிறது. "அடுத்தது என்ன?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல, கடைசியில் உள்ள ஒன்றிரண்டைப் பார்த்தால் போதும். "எந்தத் துண்டு திரும்பத் திரும்ப வருகிறது?" என்பதற்கோ முழுவதையும் பார்க்கவேண்டும். ஒரு நூலையோ, தீக்குச்சியையோ கையில் கொடுத்து, துண்டு துண்டாகப் பிரிக்கச் சொல்லுங்கள். இத்தகைய பேச்சு வீட்டிலே நடக்கலாம்:

"நன்னி, இங்கே ஒரு குச்சி வைக்கவா?"

"வை வாப்பா. அந்தக் குச்சிக்கு முன்னால என்னென்ன இருக்கு?"

"கடலை, கடலை, கொட்டை."

"அடுத்த குச்சி எங்கே வைப்பே?"

"இங்கே… இல்லே, இங்கே. திரும்பவும் கடலை, கடலை, கொட்டை வந்துருச்சு நன்னி!"

"அப்ப ஒரு வீட்டுல எத்தனை பேரு?"

"மூணு பேரு."

"எத்தனை வீடு இருக்கு?"

"ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. நாலு வீடு."

வாசகர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஒரு வீட்டுக்கு மூவர், வீடுகள் நான்கு. அந்த நன்னி பெருக்கல் என்ற சொல்லை உச்சரிக்கவே இல்லை; ஆனால் மூன்றாம் வாய்பாட்டின் நான்காம் படியைப் பேரனின் கண்முன் பாயிலே பரப்பிவிட்டாள். எல்லாரையும் எண்ணச் சொன்னால் 12 வரும். கடலை மட்டும் 8, கொட்டை 4. கொட்டை ஒவ்வொன்றும் மூன்றாவது, ஆறாவது, ஒன்பதாவது, பன்னிரண்டாவது இடங்களில் நிற்கின்றன. ஐந்து வயதுப் பிள்ளைக்கு இவ்வளவையும் ஒரே நாளில் சொல்லத் தேவையில்லை. என்றாவது ஒருநாள் அதுவே கண்டுபிடித்து ஓடிவந்து சொல்லும். அப்பொழுது, "அப்படியா, எங்கே காட்டு" என்று கேட்டு உட்கார்ந்து பார்த்தால், அதைவிடப் பெரிய பரிசு அதற்கு வேண்டியதில்லை. மிட்டாய் கொடுத்துக் கணக்குச் செய்விப்பதை நாம் ஆதரிக்கவில்லை. நாளடைவில் கணக்கு மறந்து மிட்டாய்தான் நினைவில் நிற்கும்.

இதற்கும் மேலே ஒரு படி உண்டு. கடலை, கடலை, கொட்டை என்ற அதே ஒழுங்கைக் கோப்பையும் கரண்டியும் கொண்டு செய்யச் சொல்லுங்கள். கோப்பை, கோப்பை, கரண்டி என்று வைத்துவிட்டால், பொருள் வேறு, ஒழுங்கு வேறு என்பது அந்தச் சின்னஞ்சிறு மூளைக்கு விளங்கிவிட்டது என்று பொருள். பிறகு கைதட்டலிலும் செய்யலாம்: தட்டு, தட்டு, தொடையில் அடி. நடையிலும் செய்யலாம்: எட்டு வை, எட்டு வை, குதி. கண்ணுக்குத் தெரிந்த ஒழுங்கு காதுக்கும் காலுக்கும் போய்ச் சேருகிறது.

இப்படிப் பொருளை மாற்றி ஒழுங்கை வைத்துக்கொள்வது நம் பிள்ளைகளுக்குப் புதிதா? ஓதும் பள்ளியிலே உஸ்தாத் என்ன செய்கிறார்? எழுத்துக்கு மேற்குறி, கீழ்க்குறி, முன்குறி இட்டு, அ இ உ என்கிறார். அடுத்து, ப பி பு. அடுத்து, த தி து. எழுத்து மாறிக்கொண்டே போகிறது. குறிகளின் வரிசை மாறுவதே இல்லை. மூன்று எழுத்துக்குப் பிறகு நாலாவது எழுத்தைப் பிள்ளை தானே ஓதிவிடுகிறதே, எதனால்? தோரணியைப் பிடித்துக்கொண்டதனால்தான். ஓதலில் இத்தனை கூர்மையாக இருக்கும் பிள்ளையை, "கணக்கு இவனுக்கு ஏறாது" என்று சொல்லும் பெற்றோர் சற்று யோசிக்க வேண்டும்.

பின்னல் வேலை

கடலைக்கு அடுத்தபடியாக நாம் மிகவும் பரிந்துரைப்பது தாளால் பாய் முடைவது. திருநெல்வேலிச் சீமையின் பத்தமடையிலே நம் லெப்பைக் குடும்பத்தார் முடையும் கோரைப் பாயின் புகழ் எல்லாரும் அறிந்தது. பெருநாள் நெருங்கும்போது மலாய் அண்டைவீட்டார் இளந்தென்னை ஓலையால் கெத்துப்பாட் பின்னுவதையும் பார்த்திருப்போம். இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான்: மேலே, கீழே, மேலே, கீழே.

தடித்த தாள் ஒன்றை இரண்டாக மடித்து, மடிப்புப் பக்கத்திலிருந்து ஓரம் வரை போகாமல் இணையாக வெட்டுங்கள். கத்தரிக்கோல் பெரியவர் கையில் இருக்கட்டும். ஆறு வெட்டு வெட்டி விரித்தால் பட்டைகள் ஏழு இருக்கும். "ஆறு வெட்டுக்கு எப்படி ஏழு?" என்று ஐந்தரை வயதுப் பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள், கேக் வெட்டும்போதும் இதே வியப்பு வரும். பிறகு வேறு நிறத்தாளில் நீளத் துண்டுகள் வெட்டிக் கொடுத்து, ஒரு பட்டைக்கு மேலே, அடுத்ததற்குக் கீழே என்று நுழைக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது துண்டிலேதான் விஷயம் இருக்கிறது. முதல் துண்டு மேலே தொடங்கியிருந்தால், இரண்டாவது கீழே தொடங்கவேண்டும். பிள்ளை அதை மறந்து இரண்டையும் மேலேயே தொடங்கினால், இரண்டு துண்டும் ஒரே பாதையில் ஓடும், ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளாது, கட்டமும் தெரியாது. நாம் "தப்பு" என்று சொல்லவே வேண்டியதில்லை. பாயே சொல்லிவிடும். பயிற்சித்தாளில் தவறு செய்தால் சிவப்பு மை வந்து கண்டிக்கிறது. பின்னலில் தவறு செய்தால் கை உணர்ந்து பிரித்து மறுபடி நுழைக்கிறது. எந்தப் பிள்ளை நாளைக்கும் விரும்பி வந்து உட்காரும்?

ஏழு பட்டை இருக்கும்போது மேலே தொடங்கிய துண்டு மேலேயே முடியும். எட்டுப் பட்டையாக வெட்டிப் பாருங்கள். மேலே தொடங்கியது கீழே முடியும். ஒற்றைப்படைக்கும் இரட்டைப்படைக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகக் கையில் கொடுக்கும் பாடம் நமக்குத் தெரிந்து இல்லை. ஒரு வார்த்தை: இது பெண்பிள்ளைகளின் வேலை என்று ஆண்பிள்ளைகளை விலக்கி வைக்காதீர்கள். வாப்பாமார்களும் விலகிக்கொள்ளக் கூடாது. இஷாவுக்குப் பின் கைத்தொலைபேசியைப் பார்க்கும் நேரத்தில் பத்து நிமிடம் போதும்.

வளரும் தோரணி

திரும்பி வருவது ஒரு வகை. வளர்ந்து போவது மற்றொரு வகை. ஒரு மூடி, அதன் பக்கத்தில் இரண்டு மூடி அடுக்கு, அடுத்து மூன்று, நான்கு என்று வைத்தால் படிக்கட்டு எழும். "அடுத்த படிக்கு எத்தனை வேண்டும்?" என்று கேட்டால், ஒன்று கூட்டுவதைப் பிள்ளை கண்ணாலே பார்க்கிறது. அடுக்குமாடி வீட்டு மின்தூக்கியில் ஏறும்போது எரியும் எண்களும் இந்தப் படிக்கட்டுத்தான். பிறை வளர்ந்து தேய்வதை மாதந்தோறும் தாழ்வாரத்திலிருந்து காட்டலாம். அது 29 நாளிலோ 30 நாளிலோ திரும்பி வருகிறது என்பது, வளர்வதும் திரும்பி வருவதும் ஒன்றாய்க் கூடிய தோரணி. இரவும் பகலும் மாறி மாறி வருவதைச் சிந்திக்குமாறு திருமறை நமக்குப் பன்முறை நினைவூட்டுகிறது. பர்ளான தொழுகையின் ரக்அத்துகள் 2, 4, 4, 3, 4 என்று வந்து, மறுநாள் ஸுபுஹில் மீண்டும் 2-லிருந்து தொடங்குவதை, பக்கத்தில் நின்று குனிந்து நிமிரும் பிள்ளை விரலால் எண்ணப் பழகிக்கொள்ளும், கூட்டினால் 17. தஸ்பீஹ் மணியின் 33 மூன்று முறை திரும்பி 99 ஆவதையும் சொல்லலாம். ஆயின் தஸ்பீஹையே விளையாட்டுப் பொருளாகக் கொடுத்துவிடாதீர்கள். மணி கோக்கும் ஆசை இருந்தால், பெரிய துளையுள்ள மணிகளும் தடித்த நூலும் தனியே இருக்கட்டும்.

தமிழில் பேசுவதால் என்ன இலாபம்?

"இதெல்லாம் பள்ளியில் ஆங்கிலத்தில்தானே வரப்போகிறது? வீட்டிலும் ஆங்கிலத்திலேயே சொன்னால் என்ன?" என்று கேட்பாரும் உளர். தாய்க்கு எந்த மொழியில் தடையின்றிப் பேச வருமோ அந்த மொழியில் பேசுவதே பிள்ளைக்கு நல்லது. பாதி தெரிந்த மொழியிலே பேசினால் பேச்சு இரண்டு சொல்லோடு நின்றுவிடும். தமிழ் பேசும் வீட்டில் 'ஒன்று விட்டு ஒன்று', 'முன்னால்', 'நடுவில்', 'திரும்பவும்', 'இன்னும் ஒன்று', 'அதே மாதிரி' என்ற சொற்களெல்லாம் பாயைச் சுற்றியே பிறக்கின்றன. ஒழுங்கு மனத்தில் பதிந்துவிட்டால் ஆங்கிலப் பெயர் பள்ளியிலே ஒரே நாளில் ஒட்டிக்கொள்ளும்.

எண்ணும் சொற்களிலேயே தமிழுக்கு ஒரு நன்மை இருக்கிறது. பதினொன்று என்பதிலே பத்தும் ஒன்றும் காதில் விழுகின்றன; பதின்மூன்றில் பத்தும் மூன்றும்; இருபத்தைந்தில் இருபதும் ஐந்தும். ஆங்கிலத்தின் இலெவன், ட்வெல்வ் என்ற சொற்களில் பத்து எங்கே இருக்கிறது என்று குழந்தைக்குத் தெரியாது. மலாய் மொழியிலும் டுவா பெலாஸ், தீகா பெலாஸ் என்று ஒழுங்காக வருகிறது. நம் மொழியிலும் தொண்ணூறு வந்து வரிசையைக் கலைக்கிறது. எண்பதுக்குப் பிறகு பிள்ளை 'ஒன்பது பத்து' என்றோ வேறு எதையோ சொன்னால் சிரிக்காதீர்கள். தோரணியைப் பிடித்துக்கொண்டு நேர்வழியே போகிறது அது, வளைந்தது மொழிதான்.

தமிழுக்கும் நம் சமுதாயத்துக்கும் உள்ள உறவு பற்றி நீட்டி எழுத இங்கே இடமில்லை. 1946-ல் சிங்கப்பூரில் கடையநல்லூர்ச் சகோதரர்கள் உமறுப்புலவர் பெயரால் தமிழ்ப் பள்ளி ஒன்றை எழுப்பியதும், அது 1982-ல் மூடப்பட்டதும் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். பள்ளியிலே கணக்கைத் தமிழில் கற்ற தலைமுறை இன்று நன்னா நன்னிகளாக வீட்டில் இருக்கிறது. அவர்களைத் தொலைக்காட்சி முன் உட்கார வைத்துவிட்டுப் பிள்ளையை வெளியே வகுப்புக்கு அனுப்புவது நமக்கு நியாயமாகப் படவில்லை.

சில எச்சரிக்கைகள்

பத்து நிமிடத்துக்கு மேல் நீட்டாதீர்கள். பிள்ளை எழுந்து போனால் விட்டுவிடுங்கள். அண்டைவீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பேசுவது இந்தப் பயிற்சிக்கு நஞ்சு. நிறத்தை மட்டுமே நம்பித் தோரணி செய்வதும் கூடாது. ஆண்பிள்ளைகளில் சிலருக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்தறியக் கடினம், அது பிறவிக்குறை, சோம்பலோ மந்தமோ அன்று. சிவப்புக் கிளிப்பு, பச்சைக் கிளிப்பில் எப்பொழுதும் தடுமாறும் பிள்ளை, கரண்டி கோப்பையில் தடுமாறாது இருந்தால், கண் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

தோரணி அல்லாததையும் காட்டவேண்டும். கண்ணை மூடிக்கொண்டு கைப்பிடிக் கடலையையும் கொட்டையையும் கலந்து வரிசையாக வைத்து, "இதிலே ஒழுங்கு இருக்கிறதா?" என்று கேளுங்கள். "இல்லை" என்று துணிந்து சொல்லும் பிள்ளை, இருப்பதைச் சொல்லும் பிள்ளையைவிட ஒரு படி மேலே போய்விட்டது. பிள்ளை தானே செய்த வரிசை நமக்கு ஒழுங்கற்றதாகத் தோன்றினால், அவசரப்பட்டுக் கலைக்க வேண்டாம். "இதை எப்படிச் செய்தாய்?" என்று கேட்டால், நாம் காணாத விதி ஒன்று வெளிப்படுவதும் உண்டு, பெரிசு சின்னது பெரிசு சின்னது என்று கொட்டைகளை அது பொறுக்கி வைத்திருக்கும்.

விடுமுறையில் வெளியே செல்லும்போது கண்ணைத் திறந்துகொண்டு போனால் போதும். அஞ்சடியிலே பதித்த பழைய பூவோடுகள், ஈரச்சந்தையில் அடுக்கிய ஆரஞ்சுப் பழங்கள், ரயில் நிலையத்துத் தரைக் கோடுகள் எல்லாம் பாடநூல்கள். பள்ளிவாசல்களையும் பிள்ளைகளுக்கு இந்தக் கண்ணோடு காட்டுங்கள். சிங்கப்பூர் டன்லப் தெருவில் 1907-ல் கட்டத் தொடங்கிய அப்துல் கஃபூர் பள்ளிவாசலின் முகப்பிலே, சூரியனைப்போல் கதிர் விரிக்கும் வேலைப்பாடு ஒன்று உண்டு. கதிர்கள் 25, ஒவ்வொன்றிலும் ஒரு நபியின் திருப்பெயர் அரபு எழுத்தில். கீழே நின்று அதைப் பிள்ளை எண்ணட்டும். ஆனால் எண்ணத் தொடங்குமுன், எந்தக் கதிரில் தொடங்கினோம் என்பதை ஓர் அடையாளத்தால் நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நேர்க்கோட்டில் எண்ணிப் பழகிய பிள்ளை, வட்டத்தில் எங்கே நிறுத்துவது என்று அறியாமல் 30, 40 என்று சுற்றிக்கொண்டே இருக்கும்.